ரசிகனின் காது
சத்தம் அதிகம் என்று ஹெவி மெட்டல் ரசிகர்களே புகார் சொன்ன கதை

ஹெவி மெட்டல் ரசிகன் எதைப் பற்றி வேண்டுமானாலும் குறை சொல்வான். சத்தம் அதிகம் என்று மட்டும் சொல்ல மாட்டான். அது வீட்டில் பெரியவர்கள் சொல்லும் குறை. சுவரைத் தட்டும் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் குறை. 2008 செப்டம்பரில் இந்த விதி உடைந்தது. அமெரிக்காவின் மெட்டாலிக்கா குழு தன் ஒன்பதாவது ஸ்டுடியோ ஆல்பமான 'டெத் மேக்னடிக்'கை வெளியிட்டது. சில நாட்களுக்குள் அந்தக் குழுவின் தீவிர ரசிகர்களே, சத்தம் தாங்க முடியவில்லை, திரும்ப மிக்ஸ் செய்து தாருங்கள் என்று கையெழுத்து திரட்டக் கிளம்பினார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் பத்தாயிரத்தைத் தாண்டினார்கள்.

கேள்விப்பட்டவர்கள் சிரித்தார்கள். இடி இடிப்பதுபோல் வாசிப்பதற்கென்றே பிறந்த குழுவிடம் போய் சத்தத்தைக் குறைக்கச் சொல்வதா? சர்க்கரை வியாபாரியிடம் இனிப்பைக் குறைக்கச் சொல்வதைப் போலத்தான் அது பட்டது. ஆனால் விஷயம் அவ்வளவு எளிதில் சிரித்து ஒதுக்கக்கூடியதாக இல்லை.

மெட்டாலிக்காவின் ரசிகர்களுக்குக் குறை சொல்வது புதிதல்ல. 1981-ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய இந்தக் குழுவின் வரலாற்றைப் புகார்களின் வரலாறாகவும் எழுதலாம். 1984-ல் வந்த 'ரைட் தி லைட்னிங்' ஆல்பத்தில் 'ஃபேட் டு பிளாக்' என்ற பாட்டு மென்மையான அகுஸ்டிக் கிடாரோடு தொடங்கியது. குழு விலை போய்விட்டது என்று அப்போதே முணுமுணுத்தவர்கள் உண்டு. 1986-ல் ஸ்வீடனில் நடந்த பஸ் விபத்தில் பாஸ் கிடார் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் இறந்தார். அவர் இடத்துக்கு ஜேசன் நியூஸ்டெட் வந்தார். 1988-ல் வந்த 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பத்தில் அவருடைய பாஸ் கிடார் இருக்குமிடமே தெரியவில்லை. புதியவரை வேண்டுமென்றே அமுக்கிவிட்டார்கள் என்று ரசிகர்கள் கொதித்தார்கள்.

1991-ல் கறுப்பு உறையோடு வந்த ஆல்பம் குழுவை உலகத்தின் வரவேற்பறைக்கே கொண்டு சேர்த்தது. அமெரிக்காவில் மட்டும் ஒன்றரைக் கோடிக்கும் மேல் விற்றது. பாட்டுகள் சுருங்கின; வேகம் குறைந்தது. பழைய ரசிகர்கள் துரோகம் என்றார்கள். 1996-ல் 'லோட்' வந்தபோது நால்வரும் தலைமுடியை வெட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்கள். பாட்டைப் பற்றிப் பேசியதைவிட முடியைப் பற்றிப் பேசியவர்களே அதிகம். 2000-ல் இணையத்தில் பாட்டுகளை இலவசமாகப் பரிமாற வழி செய்த நாப்ஸ்டர் நிறுவனத்தின் மீது குழு வழக்குப் போட்டது. தங்கள் பாட்டுகளைப் பரிமாறிய மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பயனாளர்களின் பட்டியலையும் ஒப்படைத்தது. அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் யார்? பெரும்பாலும் அதன் சொந்த ரசிகர்கள்தான்.

2003-ல் வந்த 'செயின்ட் ஆங்கர்' கடைசி அடியாக விழுந்தது. ஸ்நேர் டிரம்மின் அடியில் இருக்கும் கம்பிச் சுருள்களைத் தளர்த்திவிட்டு வாசித்திருந்தார் டிரம் கலைஞர் லார்ஸ் உல்ரிக். வழக்கமான சுள்ளென்ற அடிக்குப் பதிலாகத் தகர டப்பாவைத் தட்டுவது போன்ற ஓசை கிடைத்தது. கிடார் கலைஞர் கிர்க் ஹாமெட்டின் தனி வாசிப்பு ஒரு பாட்டில்கூட இல்லை. இப்படிப்பட்ட ஒரு ஆல்பத்துக்குப் பிறகு ஐந்து ஆண்டுகள் காத்திருந்த ரசிகர்களிடம்தான் 'டெத் மேக்னடிக்' வந்து சேர்ந்தது.

வந்தபோது மகிழ்ச்சிதான். 1991 முதல் குழுவோடு இருந்த தயாரிப்பாளர் பாப் ராக் போய், ரிக் ரூபின் வந்திருந்தார். பத்துப் பாட்டுகள், கிட்டத்தட்ட 75 நிமிடம். நீளமான பாட்டுகள், நடுவில் வேகம் மாறும் திருப்பங்கள், வார்த்தையே இல்லாத ஒரு முழு வாத்திய இசை என்று எண்பதுகளின் மெட்டாலிக்கா திரும்பி வந்த உணர்வு. ஹாமெட்டின் தனி வாசிப்பும் திரும்பியது. அமெரிக்காவில் முதல் மூன்று நாட்களில் 4,90,000 பிரதிகள் விற்றன. விற்பனைப் பட்டியலில் முதலிடம்.

இரண்டாவது முறை கேட்டபோதுதான் சிலருக்கு ஏதோ உறுத்தியது. பாட்டு நன்றாக இருக்கிறது, ஆனால் முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் கேட்க முடியவில்லை. காது களைத்துவிடுகிறது. டிரம் அடி ஒவ்வொன்றும் வெடிப்பதற்குப் பதிலாக நொறுங்குகிறது. வால்யூமைக் குறைத்தாலும் கரகரப்பு குறையவில்லை. முதலில் பலர் தங்கள் ஹெட்போனைச் சந்தேகித்தார்கள்; பிறகு ஸ்பீக்கரை; கடைசியில் தங்கள் காதையே.

சந்தேகத்தைத் தீர்த்துவைத்தது ஒரு விளையாட்டு. 'கிடார் ஹீரோ' என்ற வீடியோ கேமில், பிளாஸ்டிக் கிடாரின் பொத்தான்களை அமுக்கிப் பாட்டோடு சேர்ந்து 'வாசிக்க' வேண்டும். தப்பாக அமுக்கினால் கிடார் ஒலி மட்டும் நின்றுபோகும், மற்ற வாத்தியங்கள் தொடரும். இதற்கு ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக வேண்டும். எனவே கடைக்குப் போன குறுந்தகட்டின் கடைசிக் கட்ட ஒலி அழுத்தத்துக்கு ஆளாகாத பதிவு விளையாட்டு நிறுவனத்துக்குப் போயிருந்தது. ஆல்பம் வெளியான அதே நாளில் விளையாட்டுக்கும் பாட்டுகள் கிடைத்தன. இரண்டையும் கேட்ட ரசிகர்கள் திகைத்தார்கள். பல நூறு டாலர் செலவில் வாங்கிய ஸ்டீரியோவில் நொறுங்கும் டிரம், சிறுவர்கள் விளையாடும் கருவியில் தெளிவாக முழங்கியது.

காதை நம்பாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் திரை இருந்தது. ஒலியை அலையாக வரைந்து காட்டும் மென்பொருளில் இரண்டையும் போட்டுப் பார்த்தார்கள். விளையாட்டுப் பதிவில் மேடும் பள்ளமுமாக மலைத்தொடர் போன்ற கோடு தெரிந்தது. குறுந்தகட்டில் தெரிந்தது செங்கல் சுவர். பிரிட்டனைச் சேர்ந்த மாஸ்டரிங் பொறியாளர் இயன் ஷெப்பர்ட் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து எழுதினார். குறுந்தகட்டுப் பதிவு சுமார் 10 டெசிபல் கூடுதல் சத்தத்தில் இருந்தது. மனிதக் காதுக்கு அது ஏறத்தாழ இரண்டு மடங்குச் சத்தம்.

இது எப்படி நடக்கிறது? குறுந்தகட்டுக்கு ஒரு கூரை உண்டு. எந்த ஒலியும் அந்த உயரத்தைத் தாண்ட முடியாது. பாட்டில் மிக உயரமாக எழுவது பொதுவாக டிரம் அடி. மற்றவை அதற்குக் கீழே நிற்கும். அந்த இடைவெளிதான் அடிக்கு வலுவைத் தருகிறது. மொத்தப் பாட்டையும் இன்னும் சத்தமாக்க விரும்பினால் கூரையை உயர்த்த முடியாது, தரையைத்தான் உயர்த்தலாம். தரை உயர உயர, உயரமானவன் குனிய வேண்டும். இன்னும் உயர்த்தினால் அவன் தலை கூரையில் இடிக்கும். ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகும். அதுதான் காதில் கரகரப்பாகக் கேட்கிறது. கோயில் திருவிழாவில் புனல் ஒலிபெருக்கியை அளவுக்கு மீறி முறுக்கும்போது பாட்டு உடைவதைக் கேட்ட எவருக்கும் இது தெரிந்த ஓசைதான். ஒரு வித்தியாசம். திருவிழாவில் சத்தத்தைக் குறைத்தால் பாட்டு சரியாகிவிடும். இங்கே உடைசல் தகட்டுக்குள்ளேயே பதிவாகிவிட்டது. எந்தக் குமிழைத் திருகினாலும் திரும்பாது.

பழி முதலில் மாஸ்டரிங் பொறியாளர் டெட் ஜென்சன் மேல் விழுந்தது. கடைசியாகத் தகட்டின் ஒலியைச் சீர்ப்படுத்தித் தருவது அவர் வேலை என்பதால் அது இயல்பு. ரசிகர் ஒருவர் அவருக்கே எழுதிக் கேட்டார். அவர் எழுதிய பதில் வெளியே வந்தபோது கதை திரும்பியது. தன் கைக்கு வரும்போதே பதிவு சுவர்போல் தட்டையாக்கப்பட்டிருந்தது என்றும், இந்த ஆல்பத்தோடு தன் பெயர் சேர்வதில் பெருமை இல்லை என்றும் ஜென்சன் சொல்லியிருந்தார். தொழிலில் முதல் வரிசையில் இருக்கும் ஒருவர் இப்படிச் சொன்னது அபூர்வம். ரசிகனின் காது கேட்டது பிரமை அல்ல என்பதற்கு உள்ளிருந்தே சாட்சி கிடைத்தது.

குழுவோ அசையவில்லை. ஒலியில் கோளாறு எதுவும் இல்லை, 2008-ல் இப்படித்தான் ஆல்பம் செய்கிறோம், ரூபின் விரும்பியது ஸ்பீக்கரிலிருந்து எகிறிக் குதிக்கும் ஒலி, காரில் போட்டுக் கேட்டேன், பிரமாதமாக இருக்கிறது என்ற தொனியில் உல்ரிக் பதில் சொன்னார். குறை சொல்பவர்களின் குரலுக்கு இணையம் கூடுதல் சத்தம் கொடுக்கிறது என்பதும் அவர் கருத்து. சத்தத்தைக் கூட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர், குற்றம் சாட்டியவர்களின் சத்தம் கூடுதலாகக் கேட்கிறது என்று சொன்னது இந்தச் சர்ச்சையின் சுவையான பகுதி. ரசிகர்கள் கேட்ட மறு மிக்ஸ் கிடைக்கவில்லை.

உல்ரிக் சொன்னதில் பாதி உண்மை. 2008-ல் இப்படித்தான் ஆல்பங்கள் செய்யப்பட்டன. இரண்டு பாட்டுகளை அடுத்தடுத்துக் கேட்டால், சற்றுச் சத்தமாக இருப்பதே மேலானது என்று காது முதலில் ஏமாறும். ரேடியோவிலும் காரிலும் பக்கத்துப் பாட்டைவிடத் தன் பாட்டு எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று ஒவ்வொருவரும் விரும்பினார்கள். தொண்ணூறுகளில் டிஜிட்டல் கருவிகள் இதை எளிதாக்கின. ஒருவர் ஒரு படி ஏற்றினால் அடுத்தவர் இரண்டு படி ஏற்றினார். ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவின் 'கலிஃபோர்னிகேஷன்' 1999-ல் இதே குற்றச்சாட்டுக்கு ஆளானது. அதன் தயாரிப்பாளரும் ரிக் ரூபின்தான். ஆக, நோய் பழையது. 'டெத் மேக்னடிக்' செய்தது, ஒலித் தொழிலுக்குள் பேசப்பட்டு வந்த நோயைச் சாதாரண ரசிகனின் வாயில் பெயர் சொல்ல வைத்ததுதான்.

எல்லா ரசிகர்களும் ஒரே பக்கம் நின்றார்கள் என்று நினைக்கக் கூடாது. கரகரப்பே இந்த ஆல்பத்தின் வீரியம் என்றவர்கள் உண்டு. பாட்டைக் கேட்காமல் அளவுகோலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று புகார்க்காரர்களைக் கேலி செய்தவர்களும் உண்டு. ஐந்து ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு கிடைத்த நல்ல பாட்டுகளை ஏன் இப்படிக் கெடுத்துப் பேச வேண்டும் என்று வருந்தியவர்களும் இருந்தார்கள். இவர்களையும் தவறு என்று தள்ள முடியாது. ஆல்பத்தின் 'மை அப்போகலிப்ஸ்' பாட்டுக்கு கிராமி விருது கிடைத்தது. பதினைந்து வயதில் முதல் மெட்டாலிக்கா ஆல்பமாக இதைக் கேட்டவனுக்கு அந்த நொறுங்கும் டிரம்தான் மெட்டாலிக்கா.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். முடி வெட்டியது, மெதுவாகப் பாடியது போன்ற பழைய புகார்கள் எல்லாம் ருசியைப் பற்றியவை. கலைஞன் மாறக் கூடாது என்று ரசிகன் கட்டளையிட முடியாது. மாறாமலே இருந்தால் 'அரைத்த மாவையே அரைக்கிறார்கள்' என்று அதே ரசிகன்தான் முதலில் சொல்வான். 2008-ன் புகார் அப்படிப்பட்டதல்ல. குழு எழுதிய பாட்டைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. நீங்கள் வாசித்தது எங்களை வந்து சேரவில்லை, வழியில் யாரோ சேதப்படுத்திவிட்டார்கள் என்பதுதான் சாரம். குழுவின் உழைப்புக்காகக் குழுவிடமே வாதாடிய விசித்திரமான வழக்கு அது.

இந்திய ரசிகர்களுக்கு இதில் தனி அர்த்தம் இருக்கிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் இந்த இசை இங்கே பரவியது பெரும்பாலும் பிரதி எடுத்த கேசட்டுகளில். வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த ஒரு கேசட், விடுதி அறையிலிருந்து அறைக்குப் போய், பிரதியின் பிரதியாக வந்து சேரும்போது இரைச்சல்தான் பாதி இருக்கும். அதற்காக எவரும் மெட்டாலிக்காவைக் குறை சொன்னதில்லை. இரைச்சலுக்குப் பின்னால் முழுமையான ஒன்று எங்கோ இருக்கிறது, ஒருநாள் அசலைக் கேட்போம் என்ற நம்பிக்கை இருந்தது. அசலே உடைந்து வந்தபோதுதான் ஏமாற்றம்.

அந்தத் தலைமுறை குழுவை நேரில் பார்க்க 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அக்டோபர் 28 அன்று தில்லியை அடுத்த குர்கானில் நடக்கவிருந்த நிகழ்ச்சி, பாதுகாப்புத் தடுப்பு சரிந்ததைத் தொடர்ந்து நின்றுபோனது. ஆத்திரமடைந்த கூட்டம் மேடையில் இருந்தவற்றை உடைத்தது. இரண்டு நாள் கழித்து பெங்களூர் அரண்மனை மைதானத்தில்தான் மெட்டாலிக்கா முதன்முதலாக இந்தியாவில் வாசித்தது. மேடையில் டிரம் அடிக்கும் கிடாருக்கும் நடுவே இடைவெளி இருந்தது. யாரும் சத்தம் அதிகம் என்று புகார் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு காலம் ரசிகர்களின் பக்கம் சாய்ந்தது. பாட்டுகளை இணையம் வழியே கேட்க வைக்கும் ஸ்பாட்டிஃபை, யூட்யூப் போன்ற சேவைகள், எல்லாப் பாட்டும் ஏறத்தாழ ஒரே அளவுச் சத்தத்தில் கேட்கும்படி தாங்களே சரிசெய்யத் தொடங்கின. அளவுக்கு மீறி ஏற்றப்பட்ட பாட்டை இறக்கிவிடுகின்றன. இப்போது செங்கல் சுவருக்கு எந்த லாபமும் இல்லை. சத்தம் குறைந்துவிடும், நசுங்கல் மட்டும் அப்படியே இருக்கும். பக்கத்துப் பாட்டை முந்துவதற்காகக் கொடுத்த விலை வீணாகிவிட்டது.

ரசிகர்களும் சும்மா இருக்கவில்லை. விளையாட்டிலிருந்து எடுத்த 'டெத் மேக்னடிக்' கைக்குக் கை மாறியது. இசை தெரிந்த சிலர் 'செயின்ட் ஆங்கர்' முழுவதையும் வேறு டிரம் ஒலியோடு தாங்களே வாசித்துப் பதிவு செய்தார்கள். 'ஜஸ்டிஸ்' ஆல்பத்தில் தொலைந்த பாஸ் கிடாரை உயர்த்திய பிரதிகளும் உலவின. 2018-ல் அந்த ஆல்பத்தைப் புதுப்பித்து வெளியிட்டபோதும் குழு பாஸை உயர்த்தவில்லை. 1988-ல் செய்தது செய்ததுதான், அது அந்தக் காலத்தின் பதிவு என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய போட்டோவில் முகத்தைத் திருத்தினால் அது போட்டோவே அல்ல.

ஆனாலும் குழுவின் பாதுகாப்பில் பாஸ் இல்லாத ஆல்பமும், ரசிகர்களின் பாதுகாப்பில் பாஸ் உள்ள ஆல்பமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன என்பது கவனிக்க வேண்டிய விஷயம். அசல் எது என்பதைக் குழு முடிவு செய்யலாம். எதைக் கேட்பது என்பதை முடிவு செய்வது ரசிகன். நாப்ஸ்டர் மீது வழக்குப் போட்ட குழு இந்த இடத்தில் வெல்ல முடியவில்லை. வழக்குப் போடவும் இல்லை. 'டெத் மேக்னடிக்' வெளியீட்டுக்குச் சில நாட்களுக்கு முன் பிரான்சில் ஒரு கடை அவசரப்பட்டு விற்று, பாட்டுகள் இணையத்தில் கசிந்தபோது, இந்தக் காலத்தில் இது சகஜம் என்று உல்ரிக்கே சிரித்துக்கொண்டார். எட்டு ஆண்டுகளுக்கு முன் பட்டியல் கொடுத்த அதே மனிதர்.

2023 ஏப்ரலில் '72 சீசன்ஸ்' வந்தது. 77 நிமிடம். நீளம் அதிகம், வெட்டியிருக்கலாம் என்றார்கள் சிலர். முப்பது ஆண்டுகளில் சிறந்தது என்றார்கள் சிலர். அதன் தயாரிப்பில் பங்கேற்றவர் கிரெக் ஃபிடல்மன். 'டெத் மேக்னடிக்'கை மிக்ஸ் செய்ததில் முக்கியப் பங்கு இவருடையதுதான். எனவே வாத்தியங்கள் தனித்தனியாகக் கேட்கின்றனவா என்று முதல் நாளே பலர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சிலர் பாட்டைக் கேட்பதற்கு முன்பே அலைக்கோட்டைத் திரையில் விரித்துப் பார்த்தார்கள்.

நாற்பது ஆண்டுப் பழக்கமுள்ள கடைக்காரரிடம் காய்கறியை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து வாங்கும் வாடிக்கையாளரைப் போலத்தான் இது. கடைக்காரருக்கு எரிச்சல் வரலாம். ஆனால் அவர் அமுக்கிப் பார்ப்பதை நிறுத்தும் நாளில், அந்தக் கடைக்கு வருவதையும் நிறுத்தியிருப்பார்.